பாக்குமட்டைக் கால்கள்

எனக்குப் பதினாறு வயது நடந்தபோது அப்பா கோலாலம்பூரிலிருந்து ஒரு ஜோடித் தோல் பட்டை தருவித்தார். முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டு பந்து விளையாடுவதற்கு. உள்ளே பிரம்புக் குச்சிகள் வைத்துத் தைத்திருந்தது. அவர் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணி, ஆபீசின் தலைமைக் கணக்கர். வெயிலோ மழையோ, குடையில்லாமல் ஆபீசுக்குப் போகமாட்டார்.

"கட்டாயம் கட்டிக்கொண்டு போ. கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?" என்றார்.

எங்கள் ஆட்டத்தில் சட்டை போடுவதே கட்டாயமில்லை. வெறுங்காலோடு ஆடும் பத்துப் பேர் நடுவே இதைக் கட்டிக்கொண்டு போவதைவிட, கழுத்தில் கல்யாண மாலையோடு போய் நிற்கலாம். அதனால் தினமும் அவர் கண்முன் கட்டிக்கொண்டு புறப்படுவேன். வழியில் ஒரு ரப்பர் மரத்தடியில் அவிழ்த்து ஒளித்துவிட்டுத் திடலுக்குப் போவேன்.

ஒருநாள் எங்கள் காப்டன் அதைப் பார்த்துவிட்டான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பையன், பதினேழு வயது. விடிந்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு, பொழுது சாய்ந்தால் பந்து. அவன் எச்சில் துப்பும் விதத்தைக்கூட நாங்கள் பழகிப் பார்த்திருக்கிறோம்.

"என்னடா இது, மாட்டுக்குக் கட்டுறதா?"

"அப்பா வாங்கினது. நான் கட்டுறதில்ல."

அவன் கட்டிக்கொண்டான். இப்படியும் அப்படியும் நடந்தான். "உதைச்சுப் பாருடா" என்றான். உதைத்தேன். என் பெருவிரல் நகம்தான் பெயர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு லா!" என்று அப்படியே திடலுக்கு ஓடினான். திருப்பிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அன்றிலிருந்து அப்பா ஆபீசிலிருந்து திரும்புமுன்பே திடலுக்குக் கிளம்பிவிடுவேன்.

அடுத்த வாரம் மீதி ஒன்பது பேர் காலிலும் பாக்குமட்டை. சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். ஓடினால் கூரை பிரிவதுபோல் சடசடவென்று சத்தம். என் காலில் பார்த்திருந்தால் ஒரு மாதம் கேலி செய்திருக்கக்கூடிய அதே ஒன்பது பேர்! என்னையும் கட்டச் சொன்னார்கள். கிராணி மகன் மட்டை கட்டுவதா? மாட்டேன் என்றேன்.

பக்கத்துத் தோட்டமான புக்கிட் பெலிம்பிங் பையன்களோடு ஆட்டம் வந்தது. மட்டை கட்டியதிலிருந்து எங்கள் ஆட்களுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. பந்து எங்கே என்று பார்க்காமலே உதைத்தார்கள். எதிராளிகள் புத்திசாலிகள், ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்காத ஒரே ஆள் நான். எங்கள் கோல்கீப்பரே பந்தென்று நினைத்து என் காலை உதைத்தான்.

எலும்பில் விரிசல். ஆறு வாரம் படுக்கை.

"பட்டை எங்கே?" என்று கேட்டார் அப்பா.

"ஓடேக்கை அவிழ்ந்து விழுந்திட்டுது, அப்பா."

அன்றே அவர் பட்டை விற்ற கடைக்காரனைக் கண்டித்து மூன்று பக்கம் கடிதம் எழுதினார்.

அவர் ஆபீசுக்குப் போன நேரமாகப் பார்த்து காப்டன் வந்தான். பட்டையை நீட்டினான்.

"நீயே வச்சுக்க. ஆனா உண்மையச் சொல்லு, உனக்கு அடின்னா பயமா?" என்றேன்.

அவன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பயமெல்லாம் இல்லடா. எங்காலு கொக்குக்காலு. இதக் கட்டினா தடியாத் தெரியுது லா."

நான் சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கால் அசைந்து வலியில் உயிர் போயிற்று.

எலும்பு கூடியதும் நானும் மட்டை கட்டினேன். மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகப் பார்த்து.