தட்டம் வைத்துக் கேட்ட பிள்ளை

ஜெனோசன் என் தங்கச்சி இராஜேஸ்வரியின் ஒரே மகன். இராஜேஸ்வரி கண்ணை மூடினபிறகு கனடாவில், மல்வேர்னில் என் வீட்டு பேஸ்மென்றில்தான் இருக்கிறான். பாண் சுடுகிற பக்டரியில் வேலை. விடிய பஸ் எடுத்துப் போனால் மத்தியானம் கழியத்தான் வருவான். முப்பது வயது கிட்டுகிறது. கலியாணப் பேச்சை எடுத்தால், "எனக்கு ஏற்கெனவே ஐஞ்சு பிள்ளையள் இருக்கு பெரியம்மா, முதல்ல அதுகளுக்குச் சாப்பாடு போடுங்கோ" என்பான்.

அந்த ஐந்து பிள்ளைகளும் அவனுடைய ரீம், அவன் நடத்துகிற அணி. கொம்பியூட்டரில் சுடுகிற விளையாட்டு. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மற்றப் பக்கம். ஒரு பக்கம் குண்டு வைக்கவேண்டும், மற்றப் பக்கம் அதை மறிக்கவேண்டும். முதல்முதல் கீழே அந்தச் சத்தம் கேட்டபோது நான் சுவாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊரில் சண்டைக்குள்ளே நாங்கள் கேட்டு வந்த சத்தம் அல்லவா. பிறகு அதுவும் பழகிப்போனது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சப்பாத்தை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, "பெரியம்மா, என்ன கறி?" என்று கேட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

ஜெனோசன் விளையாடுவதில்லை. ரீமை நடத்துகிறவன் அவன். பிள்ளைகளை என் காரில் ஏற்றுவதும் இறக்குவதும் அவன், தாய்மாருக்கு ஃபோன் அடித்து "இன்னும் கொஞ்சத்தால வந்திடுவினம் அன்ரி" என்று சொல்வதும் அவன். விளையாட்டுக்குள்ளே யார் எங்கே போவது, எப்போது பதுங்குவது என்று திட்டம் போட்டுச் சொல்கிறவள் அட்சயா. அவள் சொன்னால் மற்ற நாலு பெடியளும் மறுபேச்சில்லாமல் போவார்கள். ரீமின் மூளை அவள்.

அட்சயா யார் என்று சொல்லச் சொந்தத்தைச் சொல்லவேண்டும். என் சின்னம்மாவின் மகன் தில்லையம்பலம். அவருடைய சித்தப்பாவின் மகள் ஜெயமலர். ஜெயமலரின் மகள் அட்சயா. ஆகவே தில்லையம்பலம் ஜெனோசனுக்கும் மாமா, அட்சயாவுக்கும் மாமா. இவர்கள் இரண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறை. தில்லையம்பலத்தின் மகன் வினோதன் இரண்டு பேருக்கும் மச்சான். இவ்வளவும் போதும்.

ஜெயமலர் கனடாவில் வந்து இறங்கும்போது அட்சயா வயிற்றில். புருஷன் கொழும்பில் நின்றுபோனவன், நின்றுபோனவன்தான். தில்லையம்பலம்தான் தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். பனிக்குள்ளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினதும் அவர், பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் அவர். ஜெயமலர் அவரை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்துக் கதைத்தது கிடையாது.

தில்லையம்பலம் ஆக்கள் இப்போது பிக்கரிங்கில் பெரிய வீட்டில். வினோதன் வீடு விற்கிற வேலை. அவனும் ஒரு ரீம் வைத்திருக்கிறான். மல்வேர்னும் பிக்கரிங்கும் மோதுகிறதென்றால் பெடியள் நித்திரை கொள்ளமாட்டார்கள். ரீம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரு கோப்பிக் கடையில் கூடி ஒரு சொல் வைத்திருந்தார்கள். ஒருத்தன்ர பிளேயர் வேண்டுமென்றால் முதலில் அந்த ரீம்காரனோடுதான் கதைக்கவேண்டும், பிளேயரோடு நேரே கதைக்கக்கூடாது. அந்தச் சொல்லை முதலில் எடுத்ததே வினோதன்தான்.

அட்சயாவுக்கு இந்த ஒரு வருஷம்தான் இருந்தது. நேர்சிங் படிக்கிறாள். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் பிளேஸ்மென்ற் என்கிற பயிற்சி தொடங்கினால் விளையாட்டுக் கதையே எடுக்கக்கூடாது என்று தாய் சொல்லிவிட்டாள். அவளும் ஓமென்றவள். "இந்த வருஷம் மட்டும் என்னை விடுங்கோ அம்மா" என்று கேட்டு வாங்கின வருஷம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயமலர் ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, தில்லையண்ணை ஆக்கள் வருகினமாம். தட்டத்தோட வருகினமாம். எனக்குக் கை கால் ஓடேல்லை. ஒருக்கா வந்து பக்கத்தில நில்லுங்கோ."

எனக்கு விளங்கியது. பழத் தட்டத்தோடு வருகிறதென்றால் பெண் கேட்கத்தான். வினோதன் முறை மச்சான். ஆனால் வயது நன்றாக இடிக்கும், அட்சயாவுக்கு அந்த எண்ணமும் இல்லை. நான் போனபோது ஜெயமலர் வடை பொரித்துக்கொண்டே அழுதாள். "அண்ணை கேட்டா நான் எப்பிடி அக்கா இல்லையெண்டு சொல்லுறது? வாய் வருமே?" அட்சயா பகுதிநேர வேலைக்குப் போயிருந்தாள்.

தில்லையம்பலம் வேட்டியும் நஷனல் சட்டையுமாக வந்தார். பின்னாலே வினோதன் தட்டத்தோடு. வாழைப்பழம், அப்பிள், முந்திரிகைப்பழம், ஒரு கேக் பெட்டி. மேசையில் வைத்துவிட்டுத் தில்லையம்பலம் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறம்."

ஜெயமலர் என் கையைப் பிடித்தாள்.

"வினோதன்ர ரீமுக்கு."

"என்னத்துக்கு அண்ணை?"

"உந்தக் கொம்பியூட்டர் விளையாட்டுக்குத்தான். நல்ல கெட்டிக்காரியாம். எங்கட பிள்ளை எங்களோட நிண்டால் நல்லதுதானே."

ஜெயமலர் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கண்டதில்லை. "அட, இதுக்கோ அண்ணை! நான் பயந்தே போனன். கூட்டிக்கொண்டு போங்கோ!" என்று தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பெரிய மலை ஒன்று விலகின ஆறுதலில் சின்னக் கல் என்று நினைத்து வாங்கிவிட்டாள்.

"ஜெயா, பிள்ளையை ஒரு சொல்லுக் கேள். அவள் ஜெனோசன்ர ரீம் எல்லோ" என்றேன் நான்.

"ரண்டும் எங்கட பெடியள்தானே அக்கா."

வினோதன் நிமிரவில்லை. "மாமி, வடை சுப்பர்" என்றான்.

அன்று பின்னேரம் அட்சயா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் பேஸ்மென்றுப் படியிலேயே இருந்தாள்.

"அம்மா ஓம் சொல்லிட்டா அண்ணா. ஐ டிடின்ட் ஈவின் நோ."

"நீ ஏலாதெண்டு சொல்லு."

"சொன்னன். அம்மா அழுகிறா. மாமா இல்லாட்டி நீ பிறந்தே இருக்கமாட்டாய் எண்டுறா. அதுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"



போட்டியை நடத்துகிற லீக்கில் ஒரு சட்டம். ஒரு ரீமில் பதிந்த பிள்ளையை அந்த ரீம்காரன் ரிலீஸ் பண்ணினால்தான் மற்ற ரீமில் விளையாடலாம். அதையும் சீசனுக்கான பெயர் லிஸ்ற்றைப் பூட்டுகிறதுக்கு முதல் செய்யவேண்டும். செய்யாவிட்டால் பிள்ளை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ரீம் பெடியள் ஒரே பிடியாய் நின்றார்கள். "விடாதேங்கோ அண்ணா. அவைக்கும் கிடைக்கக்கூடாது."

"அவளைக் கட்டி வைக்க அவளென்ன மாடோ?" என்று ஜெனோசன் கத்தினான். "அவளுக்கு இருக்கிறது இந்த ஒரு வருஷம்."

ஆனாலும் சும்மா விட அவனுக்கு மனமில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பிக்கரிங்குக்குப் போனான். வினோதன் வாசலிலேயே நின்றான்.

"வா மச்சான், வா. கோவமோ?"

"பிளேயரோட கதைக்கக்கூடாதெண்டு சொன்னது நீ."

"நான் கதைக்கேல்லையே. இண்டைக்குவரைக்கும் அவளோட ஒரு சொல்லுக் கதைச்சனானோ எண்டு கேட்டுப்பார். மாமியோட கதைச்சன். அதுவும் அப்பாதான் கதைச்சவர். பழத்தட்டோட வாற கள்ளனை எங்கயும் கண்டிருக்கிறியே?"

"என்னோடயெல்லோ கதைச்சிருக்கவேணும்."

"கேட்டா நீ தந்திருப்பியோ?"

ஜெனோசன் அவனை விட்டுவிட்டு உள்ளே போய்த் தில்லையம்பலத்தின் முன்னால் நின்றான். "மாமா, நான் அவளை விடுறன். ஆனா அவள் விளையாடவேணும். மேடையில ஏறுற ஐஞ்சு பேரில ஒராளாய் விளையாடுவாள் எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அது காணும்."

"ஓமடா. என்ர மருமகளைக் கதிரையில இருத்தி வைக்கவே போய்க் கேட்டனாங்கள்? நான் சொல்லுறன், விளையாடுவாள்."

ஜெனோசன் அந்த இடத்திலேயே ஃபோனை எடுத்து ரிலீஸை அமத்தினான். வேறு ஒருத்தரென்றால் எழுத்தில் தா என்று கேட்டிருப்பான். மாமாவிடம் எப்படிக் கேட்பது? நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அந்த வார்த்தை போதும் போலத்தான் இருந்தது.

சீசன் தொடங்கி ஒரு மாதத்துக்குள் மல்வேர்னும் பிக்கரிங்கும் மோதின. ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபம். மணவறை வைக்கிற மேடையில் கொம்பியூட்டர்கள், மேலே பெரிய திரை. சனம் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தது. எனக்கு விளையாட்டு விளங்காது, ஆனால் எங்கள் பெடியளின் முகம் விளங்கும். அவர்கள் எந்த வாசலால் போனாலும் அங்கே பிக்கரிங் பெடியள் முதலே வந்து நின்றார்கள். பதுங்கினால் பதுங்கின இடத்துக்குக் குண்டு வந்தது. ஜெனோசன் திரையைப் பார்க்கவில்லை. பிக்கரிங் ரீமுக்குப் பின்னால், அவர்களுடைய ரீம் சேட் போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த அட்சயாவைத்தான் பார்த்தான். அவள் அன்று எழும்பவே இல்லை.

தோற்றபிறகு கார் நிற்பாட்டுகிற இடத்துக்கு அவளே வந்தாள்.

"எங்கட பிளான் எல்லாத்தையும் கேட்டவை அண்ணா. சொன்னன். இப்ப நான் அந்த ரீம்தானே. சொல்லாட்டித் துரோகம், சொன்னாலும் துரோகம்."

"நீ போட்ட பிளான்தானே. உன்ர தலையில இருக்கிறதைக் கழற்றி என்ர பேஸ்மென்றில வைச்சிட்டுப் போக ஏலுமே." சொன்னான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன் உன்னை விளையாட விடேல்லை?"

"அவையிட்டத் திட்டம் சொல்லுற பெடியன் ஏற்கெனவே இருக்கிறான். நான் தேவையில்லை. உங்களிட்ட நான் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் தேவை."

"ஆர் சொன்னது?"

"வினோதன் மச்சான்தான். சிரிச்சுக்கொண்டு சொன்னவர்."

அடுத்த நாள் நாங்கள் மறுபடி பிக்கரிங்குக்குப் போனோம். தில்லையம்பலம் நாங்கள் சொன்னதைக் கேட்டார். முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் மகனைக் கூப்பிட்டார்.

"டேய், நான் வாக்குக் குடுத்தனான்."

"நீங்கள் குடுத்தது உங்கட வாக்கு அப்பா. ரீம் என்ர."

"என்ர மருமகளடா அவள்."

"லிஸ்ற்றில பேர் இருக்கு, சேட் குடுத்திருக்கு, பயணம் போகேக்க கூட்டிக்கொண்டு போறம். ஆரும் அவளைத் துரத்தேல்லையே. பெரிய ரீமெல்லாம் இப்பிடித்தான் அப்பா. உங்களுக்கு உது விளங்காது, விடுங்கோ."

தில்லையம்பலம் கதிரையில் இருந்தார். எழும்பி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஊரில் அப்படிப்பட்ட மனுஷன். ஜெனோசன் பக்கம் திரும்பி, "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். குரல் இறங்கிப்போய்க் கிடந்தது. ஜெனோசன் குடித்தான்.

லீக் ஒஃபிசுக்கும் ஃபோன் எடுத்தான். லிஸ்ற் பூட்டியாயிற்று, இனிச் சீசன் முடிந்தபிறகுதான் என்றார்கள். ஜெயமலரை ஒருதரம் அண்ணனோடு கதைக்கச் சொன்னேன். "தட்டத்தை வாங்கினது நான் அக்கா. வாங்கிப்போட்டு இப்ப என்னண்டு போய்ச் சண்டை பிடிக்கிறது? அவர் என்னைத் தெருவில விட்டவரே?" என்றாள். பிறகு அவள் மகளோடும் கதைக்கவில்லை, மகளும் அவளோடு கதைக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு சமையல்.

மல்வேர்ன் ரீம் தோற்றுக்கொண்டே போனது. அட்சயாவின் இடத்தில் ஒப்புக்கு ஏற்றின பெடியனுக்குத் திட்டம் போடத் தெரியாது, நல்ல ஆள் வேண்டும். ஒரு பெடியன் சொன்னான்: "மிசிசாகா ரீமில ஒருத்தன் இருக்கிறான் அண்ணா, சரியான விளையாட்டு. தாய் பெரியம்மான்ர ஊர்தான். பெரியம்மாவைக் கொண்டு கேட்டா தாய் மாட்டனெண்ணமாட்டா."

எனக்கு அந்தத் தாயைத் தெரியும். அவளுடைய அப்பப்பா வரைக்கும் தெரியும். கேட்டால் தருவாள். ஜெனோசன் என்னைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றான். "அங்கயும் ஒருத்தன் இப்பிடி ஒரு பேஸ்மென்றில இருப்பான்."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது? சும்மா தோத்துக்கொண்டிருக்கிறதோ?" என்று அந்தப் பெடியன் கேட்டான். அடுத்த கிழமை அந்தப் பெடியனே வேறு ரீமுக்குப் போனான். முறையாய் ஜெனோசனிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போனான். ஜெனோசன் அவனையும் விட்டான். மற்றவர்களும் படிப்பென்றார்கள், வேலையென்றார்கள். சீசன் முடிய முதலே கீழே சத்தம் நின்றுவிட்டது. ஜெனோசன் ஓவர்ரைம் எடுக்கத் தொடங்கினான். சாப்பாட்டை வைத்தால் "பசிக்கேல்லை பெரியம்மா" என்கிறான். அவன் மெலிந்துபோனதைச் சொல்ல எனக்குத் தங்கச்சியும் இல்லை.

பிக்கரிங் வென்றது. அட்சயா கடைசிவரைக்கும் அந்தக் கதிரையில்தான்.

சீசன் முடிந்த கிழமை வினோதன் ஃபோனில் ஒரு மெசேஜ் போட்டு அவளை ரிலீஸ் பண்ணிவிட்டான். அவள் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜெனோசன் வேலையால் வந்து சோபாவில் சரிந்திருந்தான். ஃபோனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான் இப்ப ஃப்ரீ அண்ணா."

"வாறதுக்கு ரீம் இல்லையே பிள்ளை."

"தெரியும். எனக்கும் நேரமில்லை. பிளேஸ்மென்ற் தொடங்குது." அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். "அண்டைக்கு நீங்கள் என்னை விடாம வைச்சிருந்தா?"

"அப்பவும் கதிரைதான். அது நான் போட்ட கதிரையாய் இருந்திருக்கும்."

"நான் அம்மாவுக்கு மாட்டனெண்டு சொல்லியிருந்தா?"

"சொன்னனி எல்லோ."

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. ஜெயமலர். தில்லையண்ணை வீட்டில் சனிக்கிழமை சாப்பாடாம், வினோதன்ர ரீம் வென்றதுக்கு. எல்லாரையும் வரட்டாம். பிள்ளை என்னோடு கதைக்கிறாளில்லை, நீங்களாவது சொல்லுங்கோ அக்கா, போகாட்டிச் சரியில்லை என்றாள். ஃபோன் சத்தமாய் இருந்ததால் இரண்டு பேருக்கும் கேட்டது.

"நீங்கள் போறீங்களோ?" என்று அட்சயா கேட்டாள்.

"மாமா வீடெல்லோ" என்றான் ஜெனோசன். "போகத்தானே வேணும்."