அருளப்பன் எழுதாமல் விட்ட வரி

ஆவூர் பஸ் கண்டக்டர்தான் சொன்னார்: "தமிழய்யா, ஒங்க ட்ரில் மாஸ்டர் காலையில தவறிட்டாருங்க." பஸ் கிளம்பிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். திருமயம் பள்ளியில் அந்த ட்ரில் மாஸ்டர் அருளப்பனோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவருடைய விசில் சத்தம் அங்கே படித்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கவிதை எழுதியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லையில் சண்டை மூண்ட ஆண்டு, பள்ளியில் ஒரு கூட்டம். போர்க்கவிதை வேண்டும் என்றார் தலைமையாசிரியர். ரத்தத்தை ஆறாக ஓடவிட்டு, தலைகளை மலையாகக் குவித்து எழுதினேன். பர்மாச் சண்டைக்குப் போய் வந்தவராயிற்றே என்று அருளப்பனிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ரத்தம் அப்புடி ஓடாதுங்க. மண்ணு குடிச்சிரும்."

"அப்ப நீங்க என்னதான் பாத்தீங்க?"

மறுநாள் ஒரு துண்டுத்தாளை நீட்டினார்.

*தட்டில் சோறு.*
*ஆவி இன்னும் எழுகிறது.*
*பிசைந்த விரல்களில் பருக்கை.*
*எதில் உட்காருவதென்று தெரியாமல் ஓர் ஈ.*

படித்ததும் என் கவிதையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ரத்தமோ பிணமோ ஒரு சொல்லாகக்கூட இல்லையே, பிறகு எப்படி இது என்னுடையதைவிடக் கொடுமையாக இருக்கிறது? இரண்டு நாள் யோசித்தேன். அந்த ஆவிதான் காரணம் என்று பட்டது. சோறு ஆறுவதற்குள் பிசைந்த ஆள் செத்துவிட்டான். மேடையில் இதையே படியுங்கள் என்று அவரை வற்புறுத்தியவன் நான்தான்.

அவர் படித்து முடித்ததும், மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருந்த செல்லம்மாள் முன்வரிசையிலிருந்து எழுந்து போய்விட்டார். அன்று மாலையே நானும் அருளப்பனும் அவர் வீட்டுக்குப் போனோம்.

"தெரியாமப் படிச்சிட்டேன் ஆத்தா, மன்னிச்சிருங்க," என்றார் அருளப்பன்.

செல்லம்மாள் நிமிரவில்லை. "அந்தச் சோறு என்னாச்சு?"

அருளப்பன் தரையில் உட்கார்ந்தார். "நான் தின்னுட்டேன் ஆத்தா. ரெண்டு நாள் பட்டினி. அவன் கைய நகத்தி வச்சிட்டுத் தின்னேன்."

செல்லம்மாள் கேட்டார்: "அந்தப் புள்ள பேரு என்ன?"

"காதர். கோட்டைப்பட்டினத்துக்காரன்."

"அவன் உசுரோட இருந்திருந்தா, அவனே ஒங்களுக்குப் பங்கு குடுத்திருப்பான்," என்று சொல்லி, தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். மறுவருடம் மகன் லீவில் வந்தபோது அருளப்பனை அழைத்து, அவன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போன அன்று, திரும்பி நடக்கும்போது கேட்டேன்: "தின்னத ஏன் பாட்டுல எழுதல?"

"எழுதிப் பாத்தேங்க. பாட்டு எம்பக்கம் திரும்பிருச்சு. அவன விட்டுருச்சு."

அந்த வரியை அவர் விட்டது சரியா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. அது இருந்திருந்தால் கொடுமை கூடியிருக்குமா, இல்லை, இரக்கம் காதரை விட்டு அருளப்பனுக்கு இடம் மாறியிருக்குமா? இனி அவரிடம் கேட்க முடியாது. தாளை அவர் மேடையில் படிக்கத் திருப்பி வாங்கிக்கொண்டார்; பிறகு தரவில்லை. மனப்பாடமாகிவிட்ட நான்கு வரிகளும், அவற்றில் இடம்பெறாத காதர் என்ற பெயரும் என்னிடம் இருக்கின்றன.