மூணு நூல் குறையும் தரை

டைல்ஸ் கடையில் நிற்பவர்களுக்கு இரண்டு வாய் வேண்டும். அடியில் பேச ஒன்று, மீட்டரில் பேச ஒன்று. எனக்கு இருப்பது ஒரே வாய். அதுவும் கொஞ்சம் வெடுக்கென்று பேசும் வாய். அதை வைத்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு கடையில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். துணிக்கடையோ, பெயின்ட் கடையோ, கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பாதியிலேயே என் கஷ்டம் புரிந்துவிடும்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம். ஊரே ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று கேட்டு வாங்கும் டைல்ஸ் உண்மையில் இரண்டு அடி இல்லை. கம்பெனிக்காரன் அதை அறுநூறு மில்லிமீட்டருக்குத்தான் செய்கிறான். கொத்தனார் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இந்த டைல்ஸ் இரண்டு அடிக்கு மூணு நூல் குறைவு. என் பிழைப்பில் பாதி அந்த மூணு நூலுக்குப் பதில் சொல்வதிலேயே போகிறது.

டேப்போடு வந்த வாத்தியார்

ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். “ஏம்மா, இது ரெண்டு அடிதானே?” என்றார். பழக்க தோஷத்தில் “ஆமாங்க சார்” என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டிவிட்டார். இருபத்து மூன்றரை இஞ்சைச் சற்றே தாண்டி நின்றது டைல்ஸ். பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்துப் பிடிபட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“அடின்னு நாமதாங்க சார் சொல்றோம், கம்பெனி சொல்லலை” என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். 600 என்று அச்சடித்திருந்ததைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மாட்டிக்கொண்டு ஒரு முறை வாசித்தார். நான் நல்லவள்தான் என்று நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் டைல்ஸ் வாங்கினார். பில் போடும்போது மட்டும் குனிந்து சொன்னார்:

“அப்ப பில்லுல ‘ஏறக்குறைய ரெண்டு அடி’ன்னு எழுதிக் குடும்மா.”

பாத்ரூம் தோஷம்

திருவரங்குளத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் மனையடி சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர். எத்தனை அடி அறைக்கு என்ன பலன் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். வீட்டில் எல்லா அறையும் நல்ல பலன் உள்ள அளவுக்கே கட்டியாகிவிட்டது. பாத்ரூம் மட்டும் எப்படியோ ஏழு அடிக்கு வந்து நின்றுவிட்டது. ஏழு ஆகாதாம், வறுமையாம். “சுவத்துல டைல்ஸை நல்லாக் கனமா ஒட்டினா ஆறு அடிக்கு வந்துருமா?” என்று கேட்டார். ரெண்டு பக்கமும் அரையடி கனத்தில் ஒட்டினால் அதற்குப் பெயர் டைல்ஸ் இல்லை, கோட்டைச் சுவர்.

அவர் முகம் வாடியதைப் பார்த்துச் சும்மா இருக்கமாட்டாமல், “மீட்டர்ல பாத்தா ரெண்டு சொச்சம்தாங்க. சாஸ்திரத்துல மீட்டருக்குப் பலன் சொல்லலையே” என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி யோசித்தார். முகம் மலர்ந்தது.

“அப்ப ஹாலும் ரூமும் அடியிலயே இருக்கட்டும், பாத்ரூமை மட்டும் மீட்டர்ல வச்சுக்கிறேன்.”

லோடுமேன் கணக்கு

ஒரு இன்ஜினியரும் வீட்டுக்காரரும் கடை நடுவில் நின்று சதுர மீட்டரா சதுர அடியா என்று மல்லுக்கட்டினார்கள். நான் கால்குலேட்டரை ஒருவருக்கு ஒரு மாதிரியும் மற்றவருக்கு வேறு மாதிரியும் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் லோடுமேன் முருகையா அண்ணன் தோளில் பெட்டியோடு அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை.

“எதுல வேணும்னாலும் அளந்துக்கங்க, தூக்குறவனுக்கு அது முப்பது கிலோ. இப்ப இங்கிட்டு எறக்கவா, அங்கிட்டு எறக்கவா?”

மலர்க்கொடி கட்டிய வீடு

மலர்க்கொடிக்குக் கறம்பக்குடி பக்கம். கணவர் கத்தாரில் கட்டட வேலையில் ஃபோர்மேன். அவர் அங்கிருந்து பணம் அனுப்ப, இங்கே மணல் இறக்குவது முதல் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது வரை தனியாக நின்று வீட்டைக் கட்டியவள் இவள். பதினாறுக்குப் பதினாறு ஹாலுக்கு டைல்ஸ் எடுக்க வந்தாள். கொத்தனார் அவளுடைய சொந்த அண்ணன். எட்டெட்டு அறுபத்துநாலு என்று அண்ணன் கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“ரெண்டு பெட்டி கூட எடுத்துக்கம்மா” என்றேன். “அவரும் வீடியோ கால்ல இதேதாங்க்கா சொன்னாரு. நீங்க விக்கிறதுக்குச் சொல்றீங்க, அவரு வீம்புக்குச் சொல்றாரு. எங்க அண்ணன் கணக்குத் தப்பாது” என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பட்டுவிட்டாள். வாசலிலிருந்து பதித்துக்கொண்டே போய், கடைசியில் இரண்டு சுவரோரமும் மூன்று இஞ்ச் வெறும் தரை. எட்டு டைல்ஸுக்கும் தலைக்கு மூணு நூல் குறைந்தால் அவ்வளவுதானே வரும்! கடையில் அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது. புதிதாக வந்த பெட்டியில் நிறம் ஒரு மாற்று மங்கல். கடைக்குப் போன் போட்டு அழுதாள். “நாளன்னிக்குப் பால் காய்ச்சுறோம்க்கா, நாளைக்கு அவரு வந்துருவாரு. ஒத்தையில நின்னு கட்டிருக்கேன். அவரு வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வரணும். இந்தத் தரையைப் பாத்தா, ‘நான்தான் சொன்னேன்ல’ன்னுதான் வரும்.”

என் கோபமெல்லாம் எங்கே போனதோ. கடை வாசலில் மாதிரிக்காகப் பரப்பியிருந்ததில் அதே சரக்கு நாலு கிடந்தது. “காட்சிக்கு வச்சதையும் பேத்துக் கொடுத்துட்டு நான் என்னத்தைக் காட்டுறது?” என்று முதலாளி முறைத்தார். நான் நகரவில்லை. கடைசியில் கையை உதறிவிட்டு உள்ளே போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சாயங்கால வண்டியில் போன நாலையும் அவள் அண்ணன் பட்டி பட்டியாக அறுத்து விளிம்பை அடைத்துவிட்டார்.

பால் காய்ச்சுவதற்கு என்னையும் அழைத்திருந்தாள். பால் பொங்கியது, எல்லாரும் வீட்டைப் புகழ்ந்தார்கள். கணவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சுவரோரம் போய்க் குத்தவைத்து, பட்டியை விரலால் தடவினார். “டைல்ஸ் பத்தாமப் போயிருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல?” அண்ணன் சத்தமில்லாமல் அடுப்படிக்குள் நழுவினார். பாயசத் தம்ளரோடு நின்ற எனக்கு, அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

மலர்க்கொடியே கேட்டாள். “சொன்னீங்க. ஆனா ஹாலு பதினாறு அடிக்கு ஒரு இஞ்சுகூடக் கொறையக் கூடாது, மனையடி தப்பிரும்னு கத்தார்லேருந்து கத்துனது யாரு? மீட்டர்ல கட்டியிருந்தா அறுபத்துநாலும் கச்சிதமா உக்காந்திருக்கும். வருஷம் பூரா மீட்டர்ல வேலை பாக்குறவரு, சொந்த வீட்டை மட்டும் ஏன் அடியில கட்டச் சொன்னீங்க?”

அவர் பட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

“தப்பு என்னுதுதான் மலரு. வீடு நல்லாக் கட்டியிருக்கே.”

மனிதர்கள் சம்பாதிப்பது மீட்டரில், வாழ ஆசைப்படுவது அடியில். நடுவில் விழும் மூன்று இஞ்சை அடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.