வெள்ளை முகத்து நாகுக்கு நான் வைத்த பொட்டு

கௌபாய் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு மாட்டுக் கண்காட்சிக்குப் போன ஒரே ஆள் நான்தான். மாடு வளர்க்கிற சனம் எல்லாம் தீவனக் கடையில் சும்மா கொடுத்த தொப்பியோடு நிற்க, நான் விலைச்சீட்டு பின்னால் தொங்கப் போய் இறங்கினேன். வாசலில் டிக்கெட் தந்த அம்மா கத்தரிக்கோலால் அதை வெட்டிவிட்டு, நுழைவுக்குப் பன்னிரண்டு டொலர் என்றார்.

போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. மகள் அபி கோடை முழுவதும் கிரே கவுண்டி என்ற நாட்டுப்புற மாவட்டத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்தாள். அன்றைய போட்டியில் அவள் பழக்கிய நாகு, அதாவது இன்னும் கன்று போடாத பசு, நன்றாக நடந்தால் பண்ணைக்காரி மார்கரெட் அவளைக் குளிர்காலத்துக்கும் வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நானோ மிசிசாகாவில் அவளுக்கு ஒரு ஒஃபிஸ் வேலைக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ ஒழுங்கு செய்துவிட்டு, அவளைக் கையோடு கூட்டி வரப் புறப்பட்டேன்.

வீடு இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து காலை 6:20க்கு வெளிக்கிட்டேன். 401 நெடுஞ்சாலையில் மேற்கே, 410இல் வடக்கே, பிறகு 10ஆம் இலக்க வீதி. ஏறக்குறைய 165 கிலோமீட்டர். கோப்பிக்கு நிறுத்தியதோடு இரண்டேகால் மணித்தியாலம். ஷெல்பேர்ன் பக்கம் காற்றாலைகள். அதற்கப்பால் வேலி, வைக்கோல் உருளை, மாடு. மறுபடியும் மாடு. எனக்கு அலுக்கவே இல்லை.

கொட்டகைக்குள் போனால் ஒரு கல்யாண வீட்டுப் பரபரப்பு. மாடுகளைக் குளிப்பாட்டி, காற்றடித்து உலர்த்தி, மயிரைச் சீவி நிறுத்தியிருந்தார்கள். அபியின் நாகுக்குச் சிவப்பு உடம்பு, பால் வெள்ளை முகம். அவள் சட்டை மாற்றப் போன நேரம், மனைவி தந்துவிட்ட கோயில் குங்குமத்தை எடுத்து அந்த வெள்ளை நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். நல்ல வடிவாக இருந்தது.

அபி திரும்பி வந்து பார்த்தாள். "என்ன வேலை பார்த்தனீங்கள் அப்பா?"

"கண்ணூறு படாமல் இருக்கப் பிள்ளை."

"கலர் பூசினா உள்ளுக்கு விடமாட்டினம். இருபது நிமிசம்தான் இருக்கு."

தண்ணீர் ஊற்றினோம். பொட்டு ரோஸ் நிறமாகி மூக்கு வரை இறங்கியது. அப்போது மார்கரெட் வந்தார். அபி விளக்கிச் சொன்னதும், அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. சவர்க்கார வாளியைக் கொண்டுவந்து வைத்து, மாட்டின் தலையைப் பிடி என்று எனக்குச் சொன்னார். மூன்று பேருமாகக் கழுவினோம். என் தொப்பியின் விளிம்பை நாகு சப்பியது.

நாகின் நெற்றி ஈரமாக இருக்கத்தான் இருவரும் போட்டி வளையத்துக்குள் போனார்கள். நடுவர் நெற்றியைத் தடவி, விரலைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனார். அபி கயிற்றை இழுக்கவில்லை. அவள் நடக்க அது நடந்தது, அவள் நிற்க நாலு காலையும் நேராக வைத்து நின்றது. இரண்டாம் இடம். நான் கத்திய கத்தில் பக்கத்திலிருந்தவரின் கோப்பி சிந்தியது.

மார்கரெட்டின் குடும்பம் நாலு தலைமுறையாக அங்கே மாடு வளர்க்கிறது. மிருக வைத்தியர், தீவன ஆலை, லொறிக்காரர், இறைச்சிக் கடை எல்லாம் மாட்டை நம்பித்தான் என்று அவர் விரல் மடித்துச் சொன்னார். அந்தக் கவுண்டியில் மாடு நொண்டினால் ஊரே நொண்டும் போலிருக்கிறது.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேருங்கள். பார்க்கிங் இலவசம், ஆனால் புல்வெளி. வெள்ளைச் சப்பாத்து வேண்டாம். தேவாலயப் பெண்கள் விற்கும் அப்பிள் பைப் பலகாரம் ஒரு துண்டு ஐந்து டொலர், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். காசாகக் கொண்டுபோங்கள். மாட்டைத் தொட முன் கேளுங்கள்.

புறப்படும்போது அபி காருக்குக் கிட்ட வந்தாள். "குளிர்காலத்துக்கும் நிக்கச் சொல்லினம் அப்பா. நிக்கட்டே?"

"நில். மிசிசாகாக்காரருக்கு நான் சொல்லுறன்."

மாடு கழுவ இன்னொரு ஆள் தேவையோ என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.