பத்து மில்லிக்கு இருபத்தேழு கோடு

ஞானையன் வாயுவுக்குப் பயந்தவர். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் நகரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து, சோடாக் கடை ஒன்றில் அண்ணனோடு வேலைக்கு நின்றார். ஒரு நாள் பாட்டில் வெடித்து அண்ணனின் வலது கண் போயிற்று. வால்வு பழுது பார்ப்பதும் கண்ணாடிக் குழாயை ஊதி ஒட்டுவதும் அவர் பார்த்துப் பார்த்துப் படித்தவை. அந்தக் கைத்திறனுக்காகவே நாற்பதாவது வயதில் அந்த நகரத்துக் கல்லூரி ஒன்றின் ரசாயனக் கூடத்தில் அவரை எடுத்துக்கொண்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் அங்கே விரிவுரையாளர் சுந்தரராமன் யுராசில் என்ற வெள்ளைப் பொடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். உயிரணுக்களில் உள்ள நியூக்ளிக் அமிலத்தின் கட்டுமானப் பொருள்களில் அது ஒன்று. அதன் வளையத்திலுள்ள இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் எவ்வளவு சூடு வெளிப்படும்? சூடு எவ்வளவு குறைவோ, அந்த வளையம் அவ்வளவு உறுதியானது. நீரில் கரைத்த யுராசிலோடு, வினையைத் தூண்டும் பிளாட்டினக் கரும்பொடியைப் போட்டு, மோட்டாரால் குலுக்கிக்கொண்டே ஹைட்ரஜனை விடுவார்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஞானையன் வாயுவின் அளவையும் வெப்பமானியின் கோட்டையும் உரக்கச் சொல்வார். சுந்தரராமன் எழுதிக்கொள்வார்.

வளையமில்லாத, ஆனால் அதே இரட்டைப் பிணைப்புள்ள மலீயிக் அமிலத்தை வைத்துப் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். பத்து மில்லி ஹைட்ரஜன் போனால் வெப்பமானி பதினைந்து கோடு ஏறும். யுராசில் அதற்கும் கீழேதான் நிற்க வேண்டும்.

அதுவரை கூடத்தின் சூட்டிலேயே சோதித்தவர்கள், அயல்நாட்டு அளவுகளோடு ஒப்பிடுவதற்காக ஒரு சனிக்கிழமை முதல்முறையாகப் பாத்திரத்தையும், வாயுவைத் திறந்து மூடும் அதன் குழாய்த் திருகையும் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர்வித்தார்கள்.

"பத்து மில்லி. இருபத்தேழு கோடு" என்றார் ஞானையன். சொன்ன பிறகுதான் தம் காதிலேயே அது விழுந்தது.

"பேஷ், இன்னிக்கு நன்னா ஓடறது" என்று சுந்தரராமன் லென்ஸோடு பாத்திரத்தின் மேல் குனிந்தார்.

"சாரே, முகத்த எடுங்க. இது யுராசிலுக்க சூடு இல்ல."

"உமக்கு எப்பவும் பயம்தான் ஓய். குழாயில தண்ணி சொட்டினாக்கூட வெடிச்சுடும்பீர்."

"காத்து உள்ள போகுது சாரே. ஹைட்ரஜன் காத்தோட சேந்து தண்ணியாவுது. அதுதான் இந்தச் சூடு."

சுந்தரராமன் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். ஹைட்ரஜன் குறையும்போது பாத்திரத்தினுள் அழுத்தம் தாழும். சிறு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். கரைசலுக்கு மேலே கண்ணாடிச் சுவரில் தெறித்து உலர்ந்த கரும்பொடி ஒரு துளி போதும், தீ மூட்ட.

"வராந்தாவுக்கு எறங்குங்க, சாரே!"

ஞானையன் மோட்டாரை நிறுத்தினார். திருகை மூடப் போனார். அது அசையவில்லை. கண்ணாடிக்கும் திருகுக்கும் நடுவே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. கப்பலில் வரும் மெழுகுக் களிம்பு யுத்தத்தால் நின்றுபோக, முந்தின நாள் வீட்டுத் தேங்காயெண்ணெயை அவர்தான் பூசியிருந்தார். இந்த ஊர்ச் சூட்டில் அது உறைந்து அவர் அதிகம் பார்த்ததில்லை. ஐஸில் உறைந்து, விரிசல் கண்டு, காற்றுக்கு வழி விட்டிருந்தது.

பலவந்தமாகத் திருகினால் கண்ணாடி உடையும். ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஐஸை விலக்கிவிட்டு, திருகை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பாத்திரம். கண்களை இறுக மூடிக்கொண்டார். இமை என்ன தடுக்கும் என்றும் தோன்றியது. வெளியிலிருந்து சுந்தரராமன், "விட்டுட்டு வாரும் ஓய், பாத்திரம் போனாப் போறது!" என்று கத்தினார். விட்டால் இன்னும் காற்று புகும். மனதுக்குள் நூறுவரை எண்ணினார். நடுவே எண் தவறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

எண்ணெய் இளகியது. திருகு திரும்பி மூடிக்கொண்டது. இன்னொரு குழாய் வழியாக நைட்ரஜனைச் செலுத்தி உள்ளே இருந்ததையெல்லாம் வெளியேற்றிய பிறகே அவர் தரையில் உட்கார்ந்தார்.

"தேங்காயெண்ண போட்டது நான்தான் சாரே" என்றார்.

சுந்தரராமன் நோட்டில் அன்றைய எண்களின் மேல் கோடிழுத்தார். "நான் மட்டும் யோசிச்சேனா? ஐஸ் வெக்கச் சொன்னதே நான்தான். யுராசில் இன்னும் ஒரு குப்பி இருக்கு. திங்கக்கிழம வருவீரோ?"

"வருவேன். ஆனா நீங்க கிட்ட வரப்படாது."

திங்கட்கிழமை ஞானையன் தேன்மெழுகை எண்ணெயில் உருக்கிக் களிம்பு செய்து, ஐஸில் வைத்துப் பார்த்து, பிறகே பூசினார். மேஜையிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். சுந்தரராமன் நோட்டோடு அதற்கு அப்பால் நின்றார். வெப்பமானியைப் படிக்க நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கியது. ஞானையன் இடது கையால் கண்களை மறைத்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்தபடி, கோட்டைத் தாண்டி முதல் அடி எடுத்து வைத்தார்.