சுட்டுக் காட்டாத துப்பாக்கி

செங்கல்பட்டுப் பொருட்காட்சியில் என் வளையல் கடைக்குப் பக்கத்தில் அவர் பொம்மைத் துப்பாக்கி விற்றார். ஒல்லி உடம்பு, கேப்பு மருந்துக் கறை படிந்த கட்டைவிரல். மூன்று தரம் சுட்டுக் காட்டாமல் எதையும் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

வருஷம் போகப் போக இரும்புத் துப்பாக்கி வருவது நின்றது. எல்லாக் கடையிலும் ஒரே பிளாஸ்டிக் சரக்கு. அவரும் சுடுவதை விட்டுவிட்டார்.

"இன்னாண்ணே, சுட்டுக் காட்டலியா?" என்றேன்.

"காட்னா இங்கியே ஒடஞ்சிடும்மா. அப்பறம் எவன் வாங்குவான்?"

அன்றைக்கே கல்பாக்கத்து அம்மா ஒருத்தி உடைந்த துப்பாக்கியோடு திரும்பி வந்தாள். அவர் என் கடைத் துணிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"அவரு சரக்கெடுக்கப் போயிகிறாரு" என்றேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா நம்பிவிட்டாள். என்னிடம் ஒரு டஜன் வளையலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டைவிரலில் கறையே இல்லாததைத்தான் பார்த்தேன்.