ஏழு சுற்றுக் கம்பி

1991-ல் எங்கள் காருக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு நாற்பத்தெட்டு. இரண்டில் எது முதலில் நின்றுபோகும் என்று என் மனைவி அவ்வப்போது கேட்பாள். அந்த ஆவணியில் கார்தான் முந்திக்கொள்ளும் போலிருந்தது. என்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியிருந்தது. வாசலில் நிறுத்திய இடத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் குனிந்து சொட்டுகளை எண்ணுவேன். முதல் நாள் பதினொன்று. நான்காம் நாள் முப்பத்தெட்டு. ஐந்தாம் நாள் சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டையாகிவிட்டதால் எண்ண முடியவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து என் மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. சென்னை ஆஸ்பத்திரியில் அதைப் பிரிக்கத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று தவறினால் அந்த டாக்டர் மூன்று வாரம் ஊரில் இல்லை. காலை நீட்டிப் படுத்த நிலையில்தான் அவளைக் கொண்டுபோக முடியும். பஸ் ஆகாது. ஸ்ரீபெரும்புதூரில் எனக்குத் தெரிந்த இரண்டு வாடகைக் கார்களையும் அன்று முகூர்த்தத்துக்குப் பேசிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் எண்ணெய் வழிவதைக் காட்டினார். "பின் சீல் போச்சு சார். என்ஜின எறக்கணும். பதினஞ்சு நாள் ஆவும்" என்றார். பார்க்க அவர் எடுத்துக்கொண்டது நான்கு நிமிடம்.

மண்ணூர் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அங்கே மெயின்டனன்ஸில் வடக்குப்பட்டுக்காரர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஷிஃப்டில் கம்ப்ரஸர் பார்ப்பார். லீவு நாளில் சுற்றுவட்டாரக் கிணறுகளின் ஆயில் என்ஜின்களைப் பார்ப்பார். கார் அவருக்குப் பழக்கமில்லை. வேறு வழியில்லாமல்தான் அவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வரேன் சார். பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

ஞாயிறு காலை ஏழரைக்கு வந்தார். சைக்கிளில் தொங்கிய பையில் ஸ்பேனர்கள் குலுங்கின. அவற்றை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் கேட்டார். பானெட்டைத் திறந்து என்ஜினைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். இருபத்திரண்டு வருட அழுக்கு. துணியால் துடைத்தார், மறுபடி கழுவினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு ஸ்பேனரும் பையை விட்டு வெளியே வரவில்லை.

என் மனைவி வாசற்கதவருகே நாற்காலியில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "காரைக் குளிப்பாட்டவா வந்திருக்கார்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. "அழுக்குல இன்னா சார் தெரியும்? எல்லாமே ஒழுவுற மாதிரிதான் கீது" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "அம்மா, வூட்ல கோலமாவு கீதா?" என்றார்.

"டப்பா நிறைய இருக்கு. நாப்பத்தஞ்சு நாளா நான் எங்க கோலம் போட்டேன்?" என்றாள் அவள்.

மாவை மெல்லிய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டினார். ஈரம் உலர்ந்த என்ஜின்மேல் அதைத் தட்டித் தட்டி, பவுடர் போடுவதுபோல எல்லா இடத்திலும் வெண்மை படரச் செய்தார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். நானும் நின்றேன். பன்னிரண்டாவது நிமிடம் மேல்மூடியின் ஓரத்தில் மாவு கறுத்தது. சற்று நேரத்தில் முன்பக்கம் பெல்ட்டுக்குப் பின்னால் ஓர் ஈரம். அப்புறம் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி செருகியிருக்கும் துளையைச் சுற்றி ஒன்று.

"மூணு எடம்" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை. "பட்டறைக்காரர் ஒரு இடம்தான் சொன்னார்."

"அவுரு சொன்ன எடம் காஞ்சி கீது பாருங்க. மேல ஒழுவுறத ஓடும்போது காத்து பின்னால தள்ளிக்கினு போயி அங்க சேத்துடுது. கீழ சொட்டுற எடத்த பாக்கக்கூடாது சார். ஒசரத்துல எங்க நனையுதோ அத பாக்கணும்." கறுத்த மூன்று இடங்களையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "ஆனா மூணு எடமும் ஒரே வாரத்துல கெடாது. உள்ள மூச்சு முட்டுது."

ஓடும் என்ஜினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். சூடான காற்று கையைத் தள்ளியது. கிணற்று என்ஜினுக்கும் அப்படித்தான், உள்ளே சேரும் காற்று வெளியேற ஒரு வழி இருக்கும், அது அடைத்தால் கிடைத்த இடுக்கிலெல்லாம் எண்ணெயைத் தள்ளும் என்றார். என்ஜினை நிறுத்திவிட்டுக் காருக்கடியில் படுத்தார். பக்கவாட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். கை நின்றது.

எதையோ முறுக்கிக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் அடியிலிருந்து சிரிப்பு வந்தது.

"ஸ்டோர் சார், இத யாரு அடச்சது?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஸ்டோருக்குக் குழாய்கள் வந்து இறங்கினால் தூசியும் பல்லியும் போகாமல் வாயில் துணி திணித்துக் கம்பி சுற்றி வைப்பது என் வழக்கம். திறந்து கிடக்கும் குழாயைப் பார்த்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரகடம் சாலையில் ஜல்லி லாரிகளின் புழுதிக்குப் பின்னால் வந்துவிட்டு, வண்டியைக் கழுவும்போது இந்தக் குழாயின் வாயைப் பார்த்தேன். அடைத்தேன். தினமும் சொட்டுகளைக் குறித்துவைத்த நோட்டில் இதைக் குறிக்கவில்லை. இதை ஒரு காரியமாகவே நான் நினைக்கவில்லை.

"யாரோ தெரியாத்தனமா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். கையில் எண்ணெயில் ஊறிய துணியும் கம்பியும். "ஏழு சுத்து சார். கடசில முறுக்கி உள்பக்கமா மடிச்சி கீது. நம்ம ஷாப்புல இந்தக் கம்பிய தெனம் அவுக்குறவன் நான். இது யாரு கைன்னு எனக்குத் தெரியாதா?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. "நல்லவேளை, என் காலுக்கு டாக்டர் முந்திக்கிட்டார். இவர் கையில கிடைச்சிருந்தா இதையும் துணி திணிச்சுக் கம்பி சுத்தியிருப்பார்."

"நான்தான் அடைச்சேன்" என்றேன்.

"தூசி போவக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல செஞ்சது. வுடுங்க" என்றார். தொழிற்சாலையில் போய்ச் சொல்லிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். எனக்குத் தெரிந்து சொல்லவில்லை.

குழாயைச் சுத்தம் செய்தார். மறுபடி துடைத்து மறுபடி மாவு தட்டினார். ஒரகடம்வரை போய்த் திரும்பினோம், போக வர ஒரு மணி நேரம். பானெட்டைத் திறந்தபோது சாலைப் புழுதி படிந்து மாவு பழுப்பாகியிருந்தது. மேல்மூடியின் ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஈரம்.

"இன்னும் இருக்கே" என்றேன்.

"இருவத்திரண்டு வயசு வண்டி சார். இது கூட இல்லன்னாதான் சந்தேகப்படணும்." அந்த நாளில் முதல்முறையாக ஒரு ஸ்பேனரை எடுத்து, மேல்மூடியின் போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினார். அவ்வளவுதான் வேலை. பட்டறையில் பதினைந்து நாள் என்று சொன்னதை அவர் அரைச் சுற்றில் முடித்தார். அதற்குமுன் மூன்றரை மணி நேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒன்றையும் கழற்றாமல் நிற்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. இன்றும் இல்லை.

என்ன தரட்டும் என்று கேட்டேன். "ஒண்ணு கேக்கறேன், தருவீங்களா? ஸ்டோர்ல கம்பிய மூணு சுத்தா சுத்துங்க சார். ஏழு அவுக்கறதுக்குள்ள வெரலு போயிடுது."

திங்கட்கிழமை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பூந்தமல்லிக்கு முன் இரண்டு முறை நிறுத்தி எண்ணெய்க் கம்பியை எடுத்துப் பார்த்தேன். குறையவில்லை. மூன்றாவது முறை நிறுத்தியபோது பின் இருக்கையில் படுத்திருந்தவள், "வண்டி மூச்சு விடுது. நீங்களும் கொஞ்சம் விடுங்க" என்றாள். ஏழு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்டோருக்குப் பத்தொன்பது குழாய்கள் வந்தன. முதல் குழாயின் வாயில் துணி வைத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். கை ஒப்பவில்லை. இன்னும் ஒன்று சுற்றி முறுக்கினேன். அன்று மாலை அவர் அவற்றை வாங்கிக்கொள்ள வந்தார். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, விரலால் எண்ணி, என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் ஓய்வு பெறும்வரை நான்கு சுற்றுதான்.